பதினாலு மூட்டைக்கு எத்தனை வெள்ளி

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் காசு விழுகிற சத்தம் காதில் ஏறாது. இந்தக் கதையில் முக்கால்வாசி அந்தச் சத்தம்தான். வெள்ளியைத் தேடிப் போன ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்லப்போகிறேன். வெள்ளி கிடைத்ததா என்று பாதியில் யாரும் கேட்க வேண்டாம். கிடைத்தது. வம்பே அதுதான்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலிருந்து நாலு வீடு உள்ளே தள்ளி, பொன்னி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பரசுராமன் டவுனில் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன். மல்லாட்டையை நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். குடியானவன் மூட்டையை இறக்கியதும் பரசுராமன் ஒரு பிடி அள்ளுவான், உரிப்பான், பருப்பை ஒரு தட்டிலும் தோலை ஒரு தட்டிலும் வைத்துக் கைத்தராசைத் தூக்குவான். "பொட்டுக் காய் ஜாஸ்தி. பருப்பு கம்மி. வண்டியைத் திருப்பு" என்பான். அவ்வளவுதான், வண்டி திரும்பிவிடும். அவன் பிடித்த தராசுக்கு மண்டியில் மறுபேச்சு கிடையாது. நாளைக்கு ஏழு ரூபாய் கூலி.

பொன்னி வீட்டிலிருந்தபடி மண்டிக்கு விதை மல்லாட்டை உரித்துக் கொடுப்பாள். உரித்து உரித்து இரண்டு கட்டைவிரல் நகமும் தேய்ந்து, அந்தத் தேய்மானம் அரிசிப் பானைக்கு அடியில் ஐந்து வருஷத்தில் ஐநூறு ரூபாயாகச் சேர்ந்திருந்தது. அது மாட்டுப் பணம். நாலாவது வீட்டு ஜோதியம்மாளிடம் ஒரு செவலைப் பசு, இரண்டாவது சினை. ஜோதியம்மாளுக்கு முட்டி வலி. சாணி அள்ளக் குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். அதனால் அறுநூற்றைம்பதுக்குத் தருகிறேன் என்றாள். பொன்னிக்குத் தை மாசம் சீட்டுப் பணம் நூற்றைம்பது வரவேண்டியிருந்தது. அதையும் சேர்த்தால் சரியாக இருக்கும்.

"தை கடைசி வரைக்கும் பாப்பேன்டி" என்றாள் ஜோதியம்மாள். "மாசி ஒண்ணாம் தேதி கீழ்பென்னாத்தூர் தரகன் வந்து புடிச்சினு போயிடுவான். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

"அதுக்கு முன்னாடியே வந்து ஓட்டிக்கினு போயிடுவேன் அத்தே."

பொன்னிக்கு ஆசை பொறுக்கவில்லை. அன்றைக்கே சந்தைக்குப் போய்ப் புதுக் கயிறு ஒன்று வாங்கி வந்து சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். மாட்டுக்கு முன்னே கயிறு வந்த வீடு அது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது எழுபத்தொன்பது முடிந்து எண்பது பிறக்கிற சமயம். வெள்ளிக்கு அந்த வருஷம் என்ன வந்ததோ தெரியாது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மகளுக்குக் கொலுசு வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஊரில் குங்குமச் சிமிழுக்கெல்லாம் பூட்டு விழுந்தது. மருமகள்களை நம்பிய மாமியார்கள் கூட வெள்ளி அரைஞாண்களை எண்ண ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் பரசுராமன் டீக்கடையில் ஓர் எட்டணாவை நீட்டினான். கூலிக்காசில் வந்தது. அளவெல்லாம் ஐம்பது பைசா அளவுதான். ஆனால் ராஜா தலை போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகையன் ஆசாரி, கொலுசு வேலை செய்கிறவர், அதைத் தடுத்து வாங்கிக் கல்லில் ஒரு சுண்டு சுண்டினார். காசு 'ணங்' என்று ஆரம்பித்து, அவர் பாதி டீ குடிக்கிற வரைக்கும் இழுத்தது.

"இன்னாப்பா, வெள்ளியைக் குடுத்துட்டு டீ குடிக்கிறே. எந்த ஊரு ஜமீன்தாரு நீ?"

"எட்டணாங்க அது."

"எட்டணாதான். ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தி வெள்ளைக்காரன் அடிச்சது. முக்காலே மூணுவீசம் வெள்ளி. இந்தா, பதினோரு ரூபா. டீக்கும் நானே குடுத்துடறேன்."

எட்டணா கொடுத்துப் பதினோரு ரூபாய் வாங்கின மனுஷன் வீட்டுக்கு நடந்தா வருவான்? மிதந்து வந்தான். அவனுக்குள் ஒரு கணக்கு முளைத்திருந்தது.

"பொன்னி, கேளு. தீபத்துக்கு எத்தினி கிழவிங்க வந்துது?"

"யாரு எண்ணினாங்க?"

"கிழவிங்க உண்டியல்ல இன்னா போடும்? பொட்டி அடியில பத்திரமா வெச்ச பழைய காசைப் போடும். உண்டியல் காசு எங்க போவுது? பேங்குக்கு. அப்போ பேங்குல இன்னா இருக்குது?"

"காசு."

"வெள்ளிடீ! எவனுக்கும் தெரியாம சாக்குல கட்டி வெச்சிருக்குது. எட்டணாவா ஒரு மூட்டை ஐநூறு ரூபா. ஆயிரம் காசு. நோட்டைக் குடுத்து மூட்டையைக் கொண்டாறேன். ராஜா தலையைப் பொறுக்கிட்டு அதுக்குப் பதில் ஐம்பது பைசாவைப் போட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். அவங்க நோட்டைக் குடுத்துடுவாங்க. ஐநூறு ஐநூறாவே இருக்கும். இதுல நட்டம் எங்க வருது, காட்டு பாப்போம்."

பொன்னி அந்தக் கணக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை. கண்ணுங்களா, நட்டமே வராத வியாபாரம் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து போய்விட வேண்டும். பொன்னியும் எழுந்துதான் போனாள். ஆனால் அரிசிப் பானையிடம் போனாள்.

"மாட்டுப் பணங்க இது."

"மாடு எங்கியும் ஓடாது. சாயந்திரம் பணம் பானைக்குள்ள இருக்கும்."

டவுனில் அந்த வங்கியின் காசாளர் இராமலிங்கம், சில்லறை வேண்டும் என்று தானாக வந்து கேட்ட ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டார். மின்விசிறியைப் பரசுராமன் பக்கம் திருப்பச் சொன்னார். "எத்தனை மூட்டை வேணும்? ஒண்ணு போதுமா? வெட்கப்படாம கேளுங்க" என்றார்.

ஐந்து கிலோ மூட்டை. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். "தானியமா?" என்று கேட்டதற்குப் பரசுராமன் "விதை" என்றான். விளையும் என்கிற நம்பிக்கையில் சொன்னதுதான், பொய் இல்லை.

தேடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தை முதலில் காசுக் குவியல்மேல் ஓட்டுவான். நிக்கல் காசெல்லாம் நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததில் தலை பார்க்க வேண்டும். தலை தேய்ந்திருந்தால் அம்மிக்கல்லில் சுண்டிச் சத்தம் கேட்க வேண்டும். காலையில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்போது நிமிர்ந்தான். முதுகு நிமிரவில்லை. ஆயிரம் காசில் ராஜா ஒருவர்கூட இல்லை. எல்லாம் சிங்கம்.

"முதல் மூட்டை அப்படித்தான் இருக்கும்" என்றான். "மண்டியில மேல்மூட்டையைப் பாத்து விலை சொல்வாங்களா?"

மறுநாள் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மின்விசிறி வேறு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா இது? முந்தாநாள்தானே கொண்டுபோனீங்க?" என்றார் இராமலிங்கம்.

"கல்யாணத்துக்கு வாங்கினதுங்க. கல்யாணம் நின்னு போச்சு."

"அடப்பாவமே. ஆனா சில்லறையைக் கண்ட நேரத்துல வாங்க முடியாது. புதனும் வெள்ளியும், ரெண்டு மணிக்கு மேல. நூறு நூறா அடுக்கிக் கொண்டாங்க."

வெள்ளிக்கிழமை நூறு நூறாக அடுக்கிக் கொண்டுபோனான். எண்ணினால் நாலு காசு குறைவு. கல்லில் சுண்டும்போது உருண்டவை. வீட்டு மூலையில் எலி வளை ஒன்று இருந்தது, அதற்குள் போயிருந்தன. இரண்டு ரூபாயைக் கையிலிருந்து போட்டான். நோட்டு கைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வரிசையிலிருந்து நகராமலே அடுத்த மூட்டையைக் கேட்டான். இரண்டாவது தடவை அவன் மாமன் மகன் கல்யாணம் நின்றது. மூன்றாவது தடவை ஒரு மஞ்சள் நீராட்டு. மார்கழி மாசத்தில் இந்த ஆளின் சொந்தத்தில் மட்டும் இத்தனை விசேஷம் எப்படி என்று இராமலிங்கம் யோசித்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை.

மூன்றாவது மூட்டையில் ஒரு ராஜா அகப்பட்டார். தெருவே கேட்கும்படி கத்தினான். ஆசாரி உரைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது சண்டைக் காலத்துக் காசுப்பா. பாதிக்குப் பாதி செம்பு, கண்டது கலந்திருப்பான். ஆறு ரூபா தரேன்."

"விலை ஏறிக்கினேதானே போவுது? இருக்கட்டும், வெச்சிக்கறேன்."

தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அந்தக் காசைப் படுக்க வைத்தான். ஆறாவது மூட்டையில் அதற்குத் துணையாக இன்னொன்று கிடைத்தது. அதுவும் பாதி வெள்ளிதான். தினமும் ஆசாரியிடம் போய் விலை கேட்பதும், இன்னும் ஏறட்டும் என்று திரும்புவதும் ஒரு வேலையாகிவிட்டது. பஸ்ஸுக்குப் போக வர எண்பது பைசா.

மண்டி வேலையை அவன் விடவில்லை. வேலைதான் அவனை விட்டது. புதனும் வெள்ளியும் பேங்கு. மற்ற நாள் தேடல். மண்டிக்காரர் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி என்கிறவன் கையில் தராசைக் கொடுத்துவிட்டார். பரசுராமன் கவலைப்படவில்லை. "ஏழு ரூபாய்க்கு எவன் நிப்பான்? ஒரு காசு கெடைச்சா பதினொண்ணு" என்றான். ஊரிலும் அவன் மரியாதை உயர்ந்திருந்தது. முன்பு 'எடைக்காரன்' என்றவர்கள் 'வெள்ளிக்காரர்' என்றார்கள். வெள்ளிக்காரர் வீட்டில் தை பிறந்ததும் சீட்டுப் பணம் வந்தது. வந்ததில் அரிசி வாங்கினாள் பொன்னி. நூற்றைம்பது நூற்றிருபதாகி, நூற்றிருபது தொண்ணூறாயிற்று. ஆணியில் தொங்கிய கயிற்றை அவள் ஏறெடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஏழாவது மூட்டை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தது. பொன்னி மேலாக இருந்த ஒரு காசை எடுத்துக் குங்குமம் வைத்து, 'மாட்டைக் கண்ணில் காட்டு' என்று கும்பிட்டு மூட்டையிலேயே போட்டாள். ஒன்பதாவது மூட்டையைக் கொட்டி, பாதி நாள் காந்தம் ஓட்டி முடித்தபோது, ஒரு சிங்கத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது.

"இன்னாங்க, இது நான் வெச்ச பொட்டு."

பரசுராமன் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏழாவது மூட்டைதான் ஒன்பதாவது மூட்டையாக வீடு திரும்பியிருக்கிறது. தான் சலித்த தவிட்டைத் தானே விலைக்கு வாங்கி மறுபடியும் சலித்திருக்கிறான்.

இதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தான். வங்கியில் சக்கரவர்த்தி என்று ஒரு பியூன். பெயருக்குத் தகுந்த நடை. இரண்டு வடையும் ஒரு டீயும் கப்பம் கட்டினால் 'கோயில் மூட்டை' எது என்று காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

"இதுதான்" என்று ஒன்றைத் தொட்டார்.

"எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"விபூதி வாசனை வருதா இல்லையா?"

பரசுராமன் மோந்து பார்த்தான். வந்தது. வடை தின்ற கையால் தொட்ட மூட்டையில் வெங்காய வாசனையும் வந்தது. அதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று ஜோதியம்மாள் அந்தச் செவலைக்குக் கொம்பில் வர்ணம் பூசி, நெற்றியில் பொட்டு வைத்துத் தெருவில் நிறுத்தியிருந்தாள். பொன்னி வாசலில் நின்று பார்த்தாள். பசுவும் அவளைப் பார்த்தது.

"இன்னா பொன்னி, பணம் ரெடியா?" என்றாள் ஜோதியம்மாள். "தரகன் ஆள் சொல்லி அனுப்பிட்டான். அவன் எழுநூறு தரேங்கிறான். வாக்குக் குடுத்துட்டேனேன்னு பாக்கறேன்."

"தை கடைசின்னு சொன்னீங்களே அத்தே."

"சொன்னதுதான். ஆனா நாளு நிக்காதுடி."

பொன்னி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளிடம் ஒரு காசு இருந்தது. புருஷனுக்குத் தெரியாது. அவள் அம்மா கழுத்தில் கோத்துப் போட்டிருந்த எட்டணா, சண்டைக்கு முந்தியது. வளையம் உடைந்து, அதைப் பற்ற வைத்திருந்த இடம் மட்டும் ராஜாவின் கிரீடத்துக்கு மேல் ஒரு மொட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கல்யாணத்தன்று அம்மா அதை அவள் கையில் வைத்து மூடி, "ஆத்திரம் அவசரத்துக்குடி" என்று சொல்லியிருந்தாள்.

வேண்டுதலுக்குக் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, காரியம் நடந்த பிறகு உண்டியலில் போடுவதுதான் வழக்கம். பொன்னிக்குப் பொறுமை இல்லை. மாட்டுக்கு முன்னே கயிறு வாங்கினவள் அல்லவா, காரியத்துக்கு முன்னே கூலியைக் கொடுத்துவிட்டாள். பெரிய கோயிலுக்குப் போய், காசை நெஞ்சில் வைத்து, "அண்ணாமலையானே, என் வீட்டுக்காரரைப் புடிச்ச இந்த வெள்ளியை நீ எடுத்துக்கோ. எனக்கு அந்த மாட்டை விட்டுடு" என்று சொல்லி உண்டியலில் போட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம் மற்ற காசுகளைவிடக் கொஞ்சம் நீளமாகக் கேட்டது.

தை முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி. பதினாலாவது மூட்டை. பொன்னி அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். வெளியறையில் அம்மிக்கல்லில் காசு விழுகிற சத்தம். டக். டக். டக். பிறகு 'ணங்' என்று ஒன்று, நீளமாக. பொன்னியின் கையில் துடுப்பு நின்றுவிட்டது.

"பொன்னீ! சண்டைக்கு முந்தினதுடீ! முழு வெள்ளி! நான் சொன்னேனா இல்லையா, கோயில் மூட்டைன்னு? இங்க பாரு, ராஜா கிரீடத்து மேல ஒரு மொட்டுகூட இருக்குது!"

பொன்னி காசை வாங்கிப் பார்த்தாள். மொட்டைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது எங்கம்மா காசு."

"உங்கம்மா காசு பேங்குல இன்னா பண்ணுது?"

சொன்னாள். ஒளித்து வைத்ததிலிருந்து உண்டியலில் போட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். உண்டியலில் எண்ணும்போது எட்டணா அளவில் இருந்ததால் ஐம்பது பைசாவோடு போயிருக்கிறது; ஐம்பது பைசா மூட்டையோடு பேங்குக்குப் போய், பஸ் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டது. பரசுராமன் முகம் மலர்ந்தது.

"அப்போ சாமியே திருப்பிக் குடுத்துட்டாருன்னு சொல்லு!"

"எங்கிட்டக் குடுக்கலியே. உங்க கையிலதானே குடுத்திருக்காரு. ஏன்னு யோசிங்க."

"இன்னா வேண்டிக்கினே நீ?"

"உங்களைப் புடிச்ச வெள்ளி போவணும்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பொன்னி சுவரோரம் கிடந்த கைத்தராசை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மண்டித் தராசு மண்ணாங்கட்டியிடம் போய்விட்டது; இது அவன் சொந்தத் தராசு, மண்டியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஒரே சொத்து.

"ஒண்ணு கேக்கறேன், மண்டிக்காரனா பதில் சொல்லுங்க. பதினாலு மூட்டை மல்லாட்டை ஒருத்தன் கொண்டாறான். நீங்க உக்காந்து அத்தனையும் உரிக்கிறீங்க. மூணு பருப்பு கெடைக்குது. அதுல ஒண்ணு உங்க வீட்டுப் பானையிலேர்ந்து தவறி விழுந்தது. மிச்சம் ரெண்டும் பாதி சொத்தை. அவனுக்கு இன்னா சொல்வீங்க?"

இந்தக் கேள்விக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. பதினைந்து வருஷமாகச் சொன்ன பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"வண்டியைத் திருப்புன்னு சொல்வேன்."

சொன்ன பிறகுதான் யார் வண்டி என்று அவனுக்கு உறைத்தது.

"தூக்குங்க தராசை" என்றாள் பொன்னி. தீப்பெட்டியிலிருந்த இரண்டு காசையும் அம்மா காசையும் ஒரு தட்டில் வைத்தாள். ஆணியிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி மறு தட்டில் வைத்தாள். கயிற்றுத் தட்டு 'தொப்'பென்று தரையில் இடித்தது. வெள்ளித் தட்டு மேலே போய் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசம். உங்க கூலி போச்சு, சீட்டுப் பணத்துல அறுபது போச்சு, பஸ்ஸுக்கும் வடைக்கும் எலிக்கும் போச்சு. கயித்துக்கே ஈடு வரல. மாட்டுக்கு எங்க வரப்போவுது?"

தராசைப் பொய் என்று பரசுராமன் என்றைக்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மெல்ல இறக்கி வைத்தான்.

மறுநாள் தை கடைசி. புதனும் இல்லை, வெள்ளியும் இல்லை. இராமலிங்கம் காசை வாங்கமாட்டார். மூட்டையை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு பரசுராமன் முன்னால் போக, முந்தானையில் தொண்ணூறு ரூபாயை முடிந்துகொண்டு பொன்னி பின்னால் போனாள். அறுநூற்றைம்பதுக்கு அறுபது குறைவு. நோட்டுக்குப் பதில் சில்லறை. தரகன் எழுநூறோடு காலையில் வருகிறான்.

"அத்தே, ஐநூத்தித் தொண்ணூறுதான் இருக்குது. மிச்சம் அறுபதுக்குக் கொஞ்சம் தவணை குடுங்க. ஐநூறு சில்லறையா இருக்குது."

ஜோதியம்மாள் திட்டத்தான் வாயைத் திறந்தாள். மூட்டையைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"டேய் பரசுராமா, அது பேங்கு மூட்டைதானே?"

"ஆமாங்க அத்தே."

"கோயில் மூட்டை?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அத்தே, நெஜத்தைச் சொல்லிடறேன்" என்றாள் பொன்னி. "இது முழுக்கத் தேடியாச்சு. ஒவ்வொரு காசையும் பாத்தாச்சு. இதுல வெள்ளி கெடையாது."

"யாரு தேடினது? இவனா?" ஜோதியம்மாள் எழுந்து வந்து மூட்டையை அமுக்கிப் பார்த்தாள். வந்த நடையில் முட்டி வலி காணோம். "இவன் கண்ணு மல்லாட்டை பாக்கிற கண்ணுடி. எங்க வீட்ல நாலு தலைமுறையா வெள்ளி புழங்கியிருக்குது. என் கண்ணுக்குத் தப்புமா? நீ கெடையாதுன்னு அழுத்திச் சொல்றப்பவே தெரியுது, இன்னமோ கீதுன்னு. வெச்சிட்டுப் போ."

"அந்த அறுபது..."

"கன்னு போட்டதும் ஒரு மாசம் பால் ஊத்து, சரியாப் போச்சு. அந்தக் காந்தத்தை மட்டும் குடுத்துட்டுப் போகச் சொல்லு உன் புருஷனை."

காந்தம் கைமாறியது. மாடும் கைமாறியது. பொன்னி கொண்டுபோயிருந்த கயிறு அதன் கழுத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் எழுநூறோடு வந்த தரகனுக்கு ஜோதியம்மாள் கதவைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பரசுராமன் மண்டிக்குப் போனான். மண்ணாங்கட்டி தராசை விடவில்லை. ஒரு மாசம் மூட்டை தூக்கினான் பரசுராமன். அதன் பிறகு மண்ணாங்கட்டியின் எடையில் வந்த நட்டம் மண்டிக்காரருக்கே தாங்காமல் தராசு அவன் கைக்குத் திரும்பியது. தீப்பெட்டிக் காசு இரண்டையும் ஆசாரியிடம் கொண்டுபோனபோது வெள்ளி இறங்கியிருந்தது. ஆறு ரூபாய் நாலாகியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்குத் தவிடு வாங்கிவந்தான். அம்மா காசை மட்டும் பொன்னி இந்தத் தடவை முறைப்படி மஞ்சள் துணியில் முடிந்தாள். "பதினோரு ரூபாடீ" என்று அவன் முனகினான். "சாமி வேலையை முடிச்சிட்டாரு, கூலியைக் குடுக்க வேணாமா?" என்று அவன் கையாலேயே உண்டியலில் போட வைத்தாள். போட்ட கை வெறுங்கையாக வெளியே வந்ததா என்று திருப்பியும் பார்த்தாள்.

செவலை கிடாரிக் கன்று போட்டது. பங்குனி முடிகிற சமயம் பொன்னி மோர் கடைந்துகொண்டிருந்தாள். பரசுராமன் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜோதியம்மாள் தெருவில் ஓடி வந்தாள். ஆமாம், ஓடித்தான் வந்தாள்.

"பொன்னி! அஞ்சாவது மூட்டையிலடி! கெடையாதுன்னியே, பாருடி! முழு வெள்ளி! ராஜா கிரீடத்து மேல மொட்டு வெச்சது! இந்த மாதிரி ஒலகத்துலயே கெடையாதுன்னு ஆசாரி சொல்றாரு!"

பரசுராமன் வாயைத் திறந்தான். பொன்னி ஒரு சொம்பு மோரை அவன் கையில் திணித்தாள். அவன் குடித்தான்.

"நல்ல காசு அத்தே" என்றாள் பொன்னி. "பத்திரமா வெச்சிக்கோங்க."

"வெச்சிக்கிறதா? இதுக்கு ஜோடி எங்கியோ கீதுடி. நாளைக்குப் புதன்" என்று சொல்லிக்கொண்டே ஜோதியம்மாள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து போங்க, நேரமாச்சு. கயிறு வாங்கி வைத்த வீட்டுக்கெல்லாம் மாடு வரட்டும். உங்கள் உறியில் மோர் வற்றாமல், உங்கள் பானையில் போட்டது போட்டபடி இருக்கட்டும். உங்கள் வீட்டுக் காசு எந்த மூட்டையில் போய்ச் சுற்றினாலும், வழி தெரிந்து உங்கள் வாசலுக்கே திரும்பி வரட்டும். அது வரும்போது அடையாளம் தெரிகிற கண்ணோடு ஒருத்தி உங்கள் வீட்டில் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.